எட்டுத் திசை அழகி

ஜப்பானின் உவாஜிமாத் துறைமுகத்தின் பின்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஃபுசாயேவை நாங்கள் 'எட்டுத் திசை அழகி' என்போம். பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் சிரிப்பவர், யார் எதைக் கேட்டாலும் 'சரி' என்பவர் எவரோ, அவருக்கு எங்கள் ஊரில் வைக்கும் பெயர் அது. தேர்தல் வந்தால் எதிரெதிர் வேட்பாளர்களின் சுவரொட்டிகள் அவள் கடைக் கதவில் ஒற்றுமையாக இருக்கும்.

எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் மறுப்பதில்லை. பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி, "அது வந்து... கொஞ்சம்..." என்று நிறுத்தினால் போதும். கேட்டவர் குனிந்து வணங்கிவிட்டுப் போய்விடுவார். ஃபுசாயேவுக்கு அந்தக் காற்றை உறிஞ்சக்கூட மனம் வராது.

முத்துப் பண்ணையில் வேலை பார்த்த கியோஹாரு, மனைவியை இழந்தவர். ஒரு மழை நாளில், கழுத்தில் துண்டோடு உட்கார்ந்தபடி கண்ணாடியைப் பார்த்து, எங்கள் ஊர் மரியாதைப்படி பெயரோடு 'சான்' சேர்த்துக் கேட்டார்.

"ஃபுசாயே சான், என்னைக் கட்டிக்கிறீங்களா?"

கணவனை இழந்த ஃபுசாயே இத்தனை காலமும் காத்திருந்தது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

"சரிங்க."

கியோஹாருவின் முகம் வாடியது. "காலையில மீன்காரர் நேத்துப் பிடிச்ச மீனை நீட்டினப்பவும் இப்படித்தான் சரின்னீங்க."

"இது வேற சரிங்க!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

பாதி வெட்டிய முடியோடு அவர் எழுந்து போனார். ஃபுசாயே அழுதாள். அடுத்து வந்தவர், கண்ணில் சோப்பு பட்டுவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

அந்த வாரம் கோயில் திருவிழாவுக்காகத் தெருச் சங்கம் கூடியது. கியோஹாருவும் ஓர் ஓரத்தில் இருந்தார். தலைவர் குரோகி காகிதத்தைப் பார்த்தபடியே வாசித்தார்.

"சாப்பாடு, வழக்கம்போல ஃபுசாயே சான்."

"முடியாதுங்க."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், கோப்பை நிரம்பி வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"உடம்புக்கு என்னம்மா?" குரோகியின் குரலில் உண்மையான கவலை இருந்தது.

"நல்லாத்தான் இருக்கேன். எனக்கு இஷ்டமில்ல."

கியோஹாரு எழுந்தார். கூட்டத்துக்கு நடுவில் அவள் முன்னால் வந்து மண்டியிட்டார்.

"அன்னைக்குக் கேட்டதையே இன்னைக்கும் கேக்குறேன், ஃபுசாயே சான்."

சாராயக் கடைக்காரர் குறுக்கிட்டார். "யோசிச்சுக்கம்மா! இவன் மூணு நாள் சாமியாராச்சே. ஆரம்பிச்ச எதையும் நாலாம் நாள் தொட்டதில்ல."

"யோசிச்சாச்சு. நீங்க உட்காருங்க," என்றாள் ஃபுசாயே. பிறகு கியோஹாருவிடம் திரும்பி, கண்ணீர் வழிய, "சரிங்க," என்றாள்.

அவர் நெற்றி பாயில் பட வணங்கினார். இந்த முறை அவருக்கு வித்தியாசம் கேட்டிருந்தது.

திருவிழாவுக்குக் குரோகியே சமைத்தார். சோறு அடிப்பிடித்திருந்தது. நன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லோரும் பிரமாதம் என்றோம்.

ஃபுசாயே, இல்லை என்றாள்.