உள்ளே இருக்கச் சொன்னார்கள்

பதினோரு வருஷம் குவைத்தில் யாரோ ஒரு குடும்பத்துக்குச் சோறாக்கி, துணி துவைத்து, பிள்ளை தூக்கி வளர்த்துவிட்டு ஊருக்கு வந்தவளை, "வா கங்கா, இப்படி உட்காரு" என்று ஒரு வாய் சொல்லவில்லை. ஒரே ஒரு வாய்! விஜயபுரம் பக்கத்துச் சனங்களுக்கு வாயா இல்லை? கடலைக் கொல்லையில் களை எடுக்கும்போது ஊர் வம்பு முழுக்க அலசுகிற வாய்தானே அது?

கங்கம்மாள் போனது தொண்ணூற்றெட்டில். அன்றைக்கு அவர்களுக்குக் கால் காணி நிலம் கிடையாது. புருஷன் உமாபதி கூலிக்குப் போனால் போவான், இல்லாவிட்டால் படுத்துக் கிடப்பான். எட்டு வயசு மகள் ரூபாவை ஓரகத்தி கிருஷ்ணம்மாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினாள். அவள் அனுப்பியதில்தான் கூரை போய்க் கான்கிரீட் வீடு வந்தது, கூடத்துக்கு டைல்ஸ் வந்தது, சோபா வந்தது. திரும்பி வந்து வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தாள். 'உமாபதி நிலையம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. புருஷன் பேர்தானே, இருக்கட்டும் என்று விழுங்கிக்கொண்டாள்.

ஊர் மாறிக் கிடந்தது. அவள் களை எடுத்த கொல்லையெல்லாம் மனைக்கல் நட்டிருந்தார்கள். ஆளுக்கொரு செல்போன். அதெல்லாம் பழகிவிடும். பழகாமல் அடம்பிடித்தது அவளுடைய உடம்புதான். நாலரைக்கே முழிப்பு வந்துவிடும். எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை சமையல்கட்டில் நிற்பாள், பிறகு நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். சோபாவில் உட்கார்ந்தால் முதுகு கூசும். யாராவது கூப்பிட்டால் வாய் தன்னால் "ஹாளிர்" என்று சொல்லிவிடும். அங்கே முதலாளியம்மா கூப்பிட்டால் சொல்ல வேண்டிய அரபுச் சொல் அது, 'இதோ வந்துட்டேன்' என்று.

சரி, இவளுக்குத்தான் பழக்கம் விடவில்லை. வீட்டில் இருக்கிறவர்களுக்குப் புத்தி எங்கே போச்சு? முதல் நாள் அவள் பாத்திரம் தேய்ப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து கிருஷ்ணம்மா சமையல்கட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. "அக்கா, டீ" என்று சோபாவிலிருந்து குரல் மட்டும் வரும். இப்படியே ஒரு மாசம் ஓடிப்போனது. நீ சாப்பிட்டாயா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பெற்ற மகளும் கேட்கவில்லை.

அப்புறம்தான் கார்வேட்டிநகரத்திலிருந்து ரூபாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. முந்தின நாள் கிருஷ்ணம்மா பக்கத்தில் வந்து குழைந்தாள்.

"அக்கா, அவங்க போற வரைக்கும் நீ உள்ளயே இரு. குவைத்துக்குப் போன பொம்பளைன்னா ஒரு மாதிரியா பேசறாங்க. நீ ஊர்ல இல்ல, சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிக்கீறேன்னு சொல்லி வெச்சிக்கீறோம்."

"எம் பொண்ணைப் பாக்க வர்றாங்க. நான் இங்க இல்லன்னு சொன்னீங்களா?"

"ரூபாவுக்கு நல்ல எடம் அமையணுமா, வாணாமா?" என்றான் உமாபதி. அதோடு அவள் வாயை அடைத்துவிட்டான்.

மறுநாள் வந்தார்கள். பையன் பவன்குமாருக்குத் திருப்பதியில் வேலை. அவன் அம்மா பொன்னியம்மா சோபாவில் தாராளமாக உட்கார்ந்தாள். ரூபா காபி கொடுத்துவிட்டுப் பாயில் அமர்ந்தாள். கங்கம்மாள் சமையல்கட்டில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து பொன்னியம்மாவின் குரல் வந்தது.

"யாரும்மா உள்ள? மாத்திர போடணும், கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா."

"ஹாளிர்!"

சுதாரிப்பதற்குள் கால் கூடத்துக்கு வந்துவிட்டது. தலை குனிந்திருந்தது, கையில் டம்ளர் இருந்தது. பாழாய்ப்போன பழக்கம்!

பொன்னியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வேலைக்காரி என்பதைத் தெலுங்கில் சொன்னாள். "ஏமண்டி, உங்க பனிமனிஷி நல்லா சுறுசுறுப்பா கீறாளே! எங்க புடிச்சீங்க? இப்பல்லாம் வேலைக்கு ஆளே சிக்கறதில்ல."

உமாபதி என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அக்கா என்று சொல்லியிருக்கலாம், தூரத்துச் சொந்தம் என்று சொல்லியிருக்கலாம். பேசாமலாவது இருந்திருக்கலாம். சிரித்தான் பாவி.

"பழைய ஆளுங்க. நம்மகிட்ட ரொம்ப நாளா கீறா."

கட்டிய பெண்டாட்டியை! அவள் போட்டுக் கொடுத்த டைல்ஸ் மேல் நின்றுகொண்டு! கங்கம்மாள் தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். தலை நிறைய மல்லிப்பூவோடு ரூபா பாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் சொன்னதைவிட அதுதான் சுட்டது.

டம்ளரை வைத்துவிட்டு, பொன்னியம்மாவுக்குப் பக்கத்தில், சோபாவில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை முதுகு கூசவில்லை.

"வேலைக்காரிதாம்மா நானு. பதினோரு வருசம், குவைத்துல. இந்த வூட்ல நான் ரூபாவைப் பெத்தவ."

"ஏய், உள்ள போ!" என்று உமாபதி பல்லைக் கடித்தான்.

"எந்த உள்ள? நான் கட்டின வூட்ல எனக்கு உள்ள இன்னா, வெளிய இன்னா?"

கிருஷ்ணம்மா ஓடிவந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அதுக்குக் கொஞ்சம் புத்தி சரியில்ல, என்னென்னவோ பேசும்."

அடிப்பாவி! வேலைக்காரி ஆக்கினது போதாதென்று இப்போது பைத்தியக்காரியும் ஆக்கியாயிற்று.

பொன்னியம்மா கையில் மாத்திரை அப்படியே இருந்தது. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ரூபாவிடம் திரும்பினாள். "நீ சொல்லும்மா. இவங்க யாரு?"

கங்கம்மாளும் மகள் பக்கம் திரும்பினாள். பெரியவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போனாலும் போகட்டும். இவளும் இல்லை என்று சொல்லிவிட்டால் திரும்பி வந்ததற்கு அர்த்தமே இல்லை.

ரூபா எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். ஓடிவிட்டாள் என்றுதான் கங்கம்மாள் நினைத்தாள். ஆனால் திரும்பி வந்தவளின் கையில் ஒரு தட்டு இருந்தது. விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த கேசரியும் சுடச்சுடப் பஜ்ஜியும் அதில் இருந்தன. மாப்பிள்ளை வீட்டாரைத் தாண்டி வந்து அதைக் கங்கம்மாள் மடியில் வைத்தாள்.

"யம்மா, காத்தால இருந்து நீ ஏதாவது துன்னியா?"



"இல்ல," என்றாள் கங்கம்மாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒரு மாசமா யாரும் கேக்கல."

அதை உட்கார்ந்தபடியே சொன்னாள்.