காற்றுச் சக்கரம்

இது என் மச்சானுக்கு நடந்தது. அவர் பேயை நம்புகிறவர் இல்லை. சம்பளத் தேதியையே பாதிதான் நம்புவார். சந்தேகம் இருப்பவர்கள் வந்து அவருடைய உள்ளங்கைகளைப் பார்க்கலாம்.

பழைய கப்பல் பட்டறையில் அவருக்கு இரவுக் காவல். மூலையில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம், கைப்பிடியோடு. ஒரு காலத்தில் உலோகத் தொப்பி மாட்டிய ஆள் தண்ணீருக்குள் இறங்கிக் கப்பலின் அடிப்பாகத்தைச் செப்பனிடுவான். மேலே ஒருவன் இந்தச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, ரப்பர் குழாய் வழியாக அவனுக்குக் காற்று அனுப்புவான். அந்தத் தண்ணீரை மண்ணடித்து மூடித் தளம் போட்டு எத்தனையோ வருஷம். குழாயும் ஒரு கயிறும் மட்டும் சிமென்ட் தரைக்குள் போய் மறைந்தன.

"சுத்த ஆரம்பிச்சா, மாத்து ஆள் கை வைக்கிற வரைக்கும் விடக்கூடாதாம்ணே. கீழ இருக்கறவன் கயித்த நாலு தடவ இழுத்தா, 'என்னைத் தூக்கு'ன்னு அர்த்தமாம்" என்று சிரித்துவிட்டுப் போனான் பகல் காவல்காரன் ஒல்லி.

அன்று நல்ல குளிர். உடம்பு சூடாகட்டுமே என்று இரண்டு மணி பத்துக்கு மச்சான் சக்கரத்தைச் சுற்றினார்.

துருப்பிடித்த சக்கரம். நேற்று எண்ணெய் போட்டதுபோல் சுழன்றது. வெடித்துக் கிடந்த குழாய் மெல்ல விறைத்தது.

கையை எடுத்தார்.

கயிறு ஆடியது.

ஒன்று… இரண்டு… மூன்று… நான்கு.

எலியாக இருக்கும். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். சிமென்ட் கவ்விப் பிடித்திருந்தது, அசையவில்லை. குழாயில் காதை வைத்தார்.

ஹ்ஹ்… ஹ்ஹ்…

கீழே யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

ஓடியிருக்கலாம். ஆனால் கீழே ஓர் ஆள் சாகிறான். மச்சான் சுற்றினார். திணறல் அடங்கியது. நிறுத்தினால் நாலு இழுப்பு. சுற்றினால் அமைதி. உள்ளங்கைத் தோல் உரிந்தது. கைப்பிடி ரத்தத்தில் வழுக்கியது. விடவில்லை.

விடிந்ததும் ஒல்லி வந்தான்.

"என்னண்ணே, பட்டறையிலயே ஜிம்மா?"

"கை வைடா. கீழ ஆள் இருக்கான்."

"ராத்திரி என்னத்தப் போட்டீங்க?"

"கை வைடா!"

ஒல்லி கைப்பிடியைப் பிடித்தான். மச்சான் விட்டார். ஒல்லி ஒரே ஒரு சுற்று சுற்றினான். சிரித்தான். அவனும் விட்டுவிட்டான்.

மச்சானால் கையைத் தூக்கவே முடியவில்லை.

கயிறு ஆடியது. இந்தத் தடவை ஒல்லியும் பார்த்தான்.

ஒன்று… இரண்டு… மூன்று…

நான்காவது வரவில்லை.

மச்சான் அன்றே வேலையை விட்டார். அடுத்த மாதம் தூண் போட அங்கே தோண்டினார்கள். குழாயின் முனையில் அந்த உலோகத் தொப்பி. உள்ளே ஒரு மண்டை ஓடு, வெளுத்துக் காய்ந்துபோய்.

தொப்பியின் கண்ணாடியில் இருந்த மண்ணைத் துடைத்தது ஒல்லிதான். துடைத்த பிறகும் மங்கலாகவே இருந்ததாம்.

ஆவி… உள்பக்கமாகப் படிந்திருந்ததாம். இன்னும் காயாமல்.