விருப்பமில்லை என்று நான் எழுதிய கடிதங்கள்

கண்டக்குழிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பதினொரு வருடங்களாக ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சை வேண்டுமா வேண்டாமா என்று இப்போது எல்லோரும் விவாதிக்கிறார்கள். அந்தப் பரீட்சைக்காக நான் செய்துவந்த ஒரு வேலையைப் பற்றி, புதிதாக வரும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

விண்ணப்பப் பட்டியல் அனுப்புமுன் இரண்டு மாதிரிப் பரீட்சை வைப்போம். இரண்டிலும் இருநூறுக்கு எழுபது புள்ளிகளுக்குக் கீழே நிற்கும் பிள்ளைகளைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் எழுபதைத் தாண்டினார்கள் என்பதை வைத்துத்தான் பாடசாலையை மதிப்பார்கள். பரீட்சை கட்டாயமில்லை என்பதால் பெற்றோரின் கடிதம் ஒன்று இருந்தால் போதும். "எனது பிள்ளை தோற்றுவதில் எனக்கு விருப்பமில்லை." அதை நானே எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். அவர்கள் கையொப்பம் மட்டும் வைப்பார்கள்.

போன வருடம் என் மகள் ஆயிஷா என் வகுப்பிலேயே இருந்தாள். மாதிரிப் பரீட்சை நாட்களில் காலையில் வாந்தி எடுப்பாள். புள்ளிகள் அறுபத்திரண்டு, அறுபத்தாறு. அவளுடைய சிநேகிதி றிப்காவுக்கு அறுபத்து நான்கு, அறுபத்தெட்டு.

பாடசாலை அதிபர் பட்டியலைப் பார்த்தார். எழுபதுக்குக் கீழே ஐந்து பேர் இருந்தார்கள்.

"டீச்சர்ட மகள்ட பேர எடுத்தா ஊருக்குள்ள கதை வரும். அவ இரிக்கட்டும். மத்த நாலு பேருக்கும் கடிதம் எடுங்க."

"றிப்கா எழுபதுக்குக் கிட்ட நிக்கிறா சேர்."

"கிட்ட நிக்கிற புள்ளதான் கடைசில நம்மள விழுத்துற. ஒராளுக்கு விட்டுக் குடுத்தாச்சே, போதாதா?"

அன்றிரவே நான்கு கடிதங்களையும் எழுதினேன்.

றிப்காவின் உம்மா வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"எழுதிட்டுத் தோத்தாத்தான் என்ன டீச்சர்? இவட வாப்பா எத்தன நாள் வெறும் வள்ளத்தோட வாறார். கடலுக்குப் போகாதீங்கண்டா செல்ற?"

"சின்னப் புள்ள, மனசு ஒடஞ்சிரும்," என்றேன்.

"ஒங்கட மகளுக்கும் மார்க்ஸ் கொறவாமே. அவவும் எழுதல்லயா?"

"ஓம். அவவும் எழுதல்ல."

முந்தானையில் கையைத் துடைத்தார். "அப்ப சரி. ஒங்கட புள்ளக்கிக் கெடுதல் செய்வீங்களா?" கையொப்பம் வைத்துத் தந்தார்.

ஆயிஷா பரீட்சை எழுதினாள். மறுநாள் இடைவேளையில் றிப்கா அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன கேள்வி வந்த? செல்லு பாப்பம்."

"நேரா ஏழு கம்பு நட்டா நடுவுல எத்தன இடைவெளி?"

"ஆறு."

"நான் ஏழெண்டு போட்டுட்டன்."

"இன்னொண்டு செல்லு."

அதற்கும் றிப்கா விடை சொன்னாள். அடுத்ததற்கும் சொன்னாள். பிறகு என்னைக் கண்டு, "சரிதானே டீச்சர்?" என்று கேட்டாள். மூன்றும் சரி.

ஆயிஷாவுக்கு ஐம்பத்தொன்பது வந்தது. றிப்காவின் உம்மா இப்போதும் வழியில் கண்டால் சலாம் சொல்கிறார். ஆனால் நிற்பதில்லை.

பரீட்சையை வைப்பதும் எடுப்பதும் என் கையில் இல்லை. "விருப்பமில்லை" என்ற அந்த ஒரு வசனத்தை இன்னொரு தாயின் பெயரில் எழுதாமல் விடுவது என் கையில்தான் இருந்தது.