கோப்புக்குள் ஒரு வரி

நாடு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், பெற்ற ஆண்டில் பிறந்தவன் நான். முப்பது வயதைத் தாண்டித்தான் கம்ப்யூட்டரைத் தொட்டேன். காஜா பெராங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கிய சின்ன கம்பெனியில் வேலை. தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுப்போம். பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை இயந்திரம் இல்லாமலே ஓட்டிப் பார்க்க ஒரு சிமுலேட்டர் இருந்தது. ஒவ்வொரு சோதனைக் கட்டளையாகத் தட்டிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? எல்லாக் கட்டளைகளையும் ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அது தானாக ஓடி, கடைசியில் 'பாஸ்' என்று காட்டும். காட்டியதும் எல்லாரும் தே தாரிக் குடிக்கக் கீழே இறங்கிவிடுவார்கள். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்த்ததில்லை.

அந்த முறை வந்த வேலை, பிஸ்கட் பாக்கெட்டுகளைச் சூடு வைத்து ஒட்டும் இயந்திரம். மூடியைத் திறந்தால் சூடு நிற்க வேண்டும். மாட்டிக்கொண்ட பாக்கெட்டை எடுக்க, தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் உள்ளே கை விடுவாள். சிமுலேட்டரில் பாஸ். பெட்டியைப் பொருத்திக் கீழே வைத்திருந்த இயந்திரத்தின் மூடியை நான் திறந்தேன், சூடு நிற்கவில்லை.

"ஸ்விட்ச் கோளாறுலா அண்ணே," என்றான் கூட வேலை செய்தவன்.

ஸ்விட்சை மாற்றினேன். வயரை மாற்றினேன். வியர்த்து வழிந்ததுதான் மிச்சம். கடைசியில் அந்தக் கோப்பைத் திறந்தேன். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மூடி திறக்கும் இடத்தில் புரோகிராமை நிறுத்தி, சூட்டைப் பூஜ்யமாக்கச் சொல்லி ஒரு வரி. அடுத்த வரி, சூடு பூஜ்யமா என்று பார்க்கிறது! புரோகிராம் செய்ய வேண்டியதைக் கோப்பே செய்துவிட்டுத் தனக்குத்தானே மார்க்கும் போட்டுக்கொண்டிருந்தது.

"நான் போட்டதுதாண்ணே. அந்தப் பகுதிய இன்னும் எழுதல. மத்தத டெஸ்ட் பண்ணணுமேன்னு சும்மா போட்டேன். எடுக்க மறந்துட்டேன்," என்றான் அவன்.

"இப்பயாவது எழுதிட்டியா?"

"இல்லண்ணே, இனிமேதான்."

வரியை அழித்து மறுபடி ஓட்டினேன். 'ஃபெயில்' என்று வந்தது. விஷயம் தெரிந்து முதலாளி பதறிக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

"நாளைக்கு மிஷின எடுக்க ஆளுங்க லோரியோட வராங்க. நேத்து வரைக்கும் பாஸ்தானே? அந்த வரிய மறுபடி போட்டுரு தம்பி. பெறகு பார்த்துக்கலாம்லா."

நான் மாடிப்படியைக் காட்டினேன்.

"போடுறேன் மொதலாளி. கீழ மிஷின் சூடாத்தான் இருக்கு. மூடியத் தொறந்து, உள்ள இருக்குற பாக்கெட்ட நீங்க எடுத்துக் காட்டுங்க. ஒடனே போடுறேன்."

அவர் கீழே இறங்கவில்லை. இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "எழுதி முடிக்க எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டார்.