கடைசி அசையின் மேல்

பிரிக்பீல்ட்ஸில் ரயிலுக்கு நிற்கும்போது என் விரல்கள் தாமாகவே தொடையில் தட்டுகின்றன: நூ, ஸா, ப்லோன். ‘நாங்கள் அழைக்கிறோம்’ என்பதன் பிரெஞ்சு. ‘நூ’ என்று ஒலிக்கும் சொல்லின் கடைசியில் எழுதும் ‘எஸ்’, தனியே இருந்தால் ஊமை. பின்னால் உயிரெழுத்து வந்தால் விழித்து, அடுத்த சொல்லின் முதல் அசைக்குள் குடியேறிவிடும். அழுத்தமோ கடைசி அசையில், ஊஞ்சல் திரும்புமுன் சற்றே தயங்குவதுபோல.

“என்ன தம்பி, மந்திரமா?” என்றார் நாசி லெமாக் என்னும் மலாய்த் தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஆன்டி.

“பிரெஞ்சு, ஆன்டி.”

“அப்ப நம்ம சாமி இல்லியா?” பொட்டலத்தைக் கையில் வைத்தார்.

காரைக்காலில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் ஆள் நான். பிரெஞ்சு வினைச்சொற்களை வாய்விட்டுப் படிப்பேன். மீன் அரிந்தபடி அம்மா, “இன்னும் சத்தமா படிடா” என்பார். சத்தம்தான் படிப்பு என்பது அவர் நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு சொல்லையும் முதல் அசையிலேயே ஓங்கி அடித்துப் பழகினேன்.

அந்த அடிதான் பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் என்னைத் துரத்தியது. பிரான்சிலிருந்து அழைப்பவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. உச்சரிப்பைச் சோதிக்கும் குரல் தேர்வில் ஒருமுறை தவறிவிட்டேன். மறுபடியும் தவறினால் இங்கே வேலை செய்யும் பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஊர் திரும்ப வேண்டியதுதான்.

பக்கத்து இருக்கை முகுந்தன் உள்ளூர் கிள்ளான்காரன், ஆங்கில அழைப்புகளை எடுப்பவன், பிரெஞ்சு தெரியாது. மதியச் சாப்பாட்டில் நான் முணுமுணுப்பதைக் கேட்டுச் சிரித்தான்.

“மச்சான், எடுத்ததுமே ஏன் சண்டைக்குப் போற? ‘சாப்பிடு லா’ன்னு சொல்லு.”

“சாப்பிடு லா.” இந்த ஊரில் எல்லோரும் பேச்சின் வாலில் ஒட்டும் அந்த லாவை நானும் ஒட்டினேன்.

“ஆங், அந்த லா எப்படி சொகமா போய் உக்காருது! அப்படி உக்காரு லா.”

தேர்வில் ஒவ்வொரு வினைக்குப் பின்னும் ஓசையில்லாத ஒரு லாவை மனத்துக்குள் வைத்தேன். கனவில் நடப்பதுபோல் என் குரல் சொற்களின் ஓரம்வரை போய் அமர்ந்தது. தேறிவிட்டேன்.

மாலையில் வீட்டு வராந்தாவிலிருந்து அம்மாவை அழைத்தேன்.

“பாஸாயிட்டேம்மா.”

“என் சாமி!” என்றார். பிறகு மெதுவாக, “அப்ப இப்போதைக்கு வரமாட்ட.”

“வரேம்மா.”

“என்னடா, பாட்டு மாதிரி இழுக்கிற?”

பதில் சொல்வதற்குள் என் தகரக் கூரைமேல் மழை கொட்டத் தொடங்கியது. போனில் அந்தச் சத்தம் கேட்டு அம்மா பதறினார்: “இருடா, மழை வந்துடுச்சு. கொடியில துணி கெடக்கு!”

காரைக்கால் வெயிலில் அவர் ஓடும் காலடி, என் மழைக்குள் கேட்டது.