விருந்தாளி ஆன பெய்ஷென்

பெய்ஷென் மாமாவை நேற்று தியான்ஷான் மலையடிவாரத்தில் அடக்கம் செய்தோம். அவர் என் அம்மாவின் தம்பி. ஊர் மேய்ச்சல் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். மேல் மலையைத் தங்கச் சுரங்கக் கம்பெனிக்குக் கொடுக்க ஊரே சம்மதித்துவிட்டது என்று, யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டு வந்தவரும் அவர்தான். அவர் மகனுக்கு அங்கே லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. ஊருக்குக் கலங்கிய ஓடை மிஞ்சியது.

ஊர் அவரை அடிக்கவில்லை, ஒதுக்கவுமில்லை. விருந்தாளி ஆக்கிவிட்டது.

எங்கள் விருந்துகளில் ஆட்டை அறுத்து, எலும்பு பிரித்து, யாருக்கு எந்தத் துண்டு என்று வைப்பது வீட்டு மனிதர்களின் வேலை. மாமா அதில் கெட்டிக்காரர். சுரங்கம் வந்தபின் அவர் கத்தியைத் தொட்டாலே யாராவது பணிவாகத் தடுப்பார்கள்.

"ஐயோ, நீங்க எதுக்கு? உக்காருங்க."

வாசலுக்கு எதிரே உயர்ந்த மெத்தை. வெளியூர்ப் பெரியவர்களுக்கு வைக்கும் ஆட்டுத்தலை அவர் முன்னால். கூடவே வளர்ந்தவர்களும் 'வாங்க, போங்க' என்றார்கள். சுரங்கத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"ஒருத்தனாவது திட்டுறானா பாரு" என்று ஒருமுறை என்னிடம் ஏங்கினார்.

போன கோடையில் அய்ட்குல் அக்காவின் பேரனுக்குத் தொட்டில் விருந்து. அந்த ஓடைத் தண்ணீரைக் குடித்துச் செத்ததில் பாதி மந்தையை இழந்தவள் அவள். ஆட்டுத்தலையை அவளே கொண்டுவந்தாள். மாமா தட்டைத் தள்ளினார்.

"இது எனக்கு வேணாங்க்கா. நான் இந்த ஊர்க்காரன்."

தட்டு நங்கென்று தரையில் இறங்கியது.

"ஊர்க்காரனாடா நீ? மலையை வித்து மவனை லாரியில ஏத்தினவன்! என் ஆடுங்க வயிறு ஊதிச் செத்துச்சே, எட்டிப் பாத்தியா? விருந்துல குதிரைப்பால் குடிக்க மட்டும் வழி தெரியுதோ?"



"பாக்கலக்கா. நான்தான் வித்தேன். யாரையும் கேக்கல."

"கேட்டிருந்தா விட்டிருப்போமா?"

"மாட்டீங்க. அதான் கேக்கல."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"அப்புறம் என்ன ராஜா மாதிரி குந்தியிருக்க? வெளியே கொப்பரை பொங்குது. போய் அடுப்பைத் தணி, மூதேவி!"

மாமா செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

அவள் மன்னிக்கவில்லை. அதன்பின் பார்த்த இடமெல்லாம் திட்டினாள். மாமாவும் நின்று முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.