கேசட்டில் வம்சி இல்லை

வரதராஜுலு பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பாதி ஆயுசை மில்லில், ஸ்பின்னிங் மெஷின் சத்தத்துக்கு நடுவே கழித்தவர். ரிட்டயரானதும் கிணத்துக்கடவில் இருந்த தென்னந்தோப்புக்கே வந்து, மனைவி கோமளாவோடு ஓய்வாக இருந்தார். ஒரே மகன் வம்சி அமெரிக்காவில்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஊருக்கு வந்த ஒரு சிநேகிதன் கையில் வம்சி ஒரு கேம்கார்டரைக் கொடுத்தனுப்பினான். அதற்குள் உள்ளங்கை அளவு கேசட். பேத்தி தேஜஸ்ரீயின் முதல் பிறந்தநாள் அதில் இருந்தது. ஃபோட்டோவில் தவிர அவளை இவர்கள் பார்த்ததில்லை.

சிநேகிதனே ஒயரை டிவியில் மாட்டிவிட்டுப் போனான். குரல்கள் கணீரென்று கேட்டன. படம்தான் கறுப்பு வெள்ளையில், நிற்காமல் மேலே உருண்டுகொண்டே இருந்தது. கோமளா திரையை ஒட்டி உட்கார்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, கொழந்தைக்கு மூஞ்சி எது, கேக்கு எதுன்னே தெரியலீங்களே."

வரதராஜுலுவுக்கும் ஒன்றும் புரியவில்லை. அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு எவனாவது கறுப்பு வெள்ளையில் எடுப்பானா? மகன் அவ்வளவு சிக்கனம் பிடிக்கிறானா? டிவி மெக்கானிக் வந்து பார்த்து, டிவியில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி கோயமுத்தூர் உக்கடத்துக்குப் போனார். அங்கே கல்யாண வீடியோ எடுக்கும் வேலுமணி, புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி எடிட்டிங்கும் செய்துகொண்டிருந்தார். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அமெரிக்கா டிவி ஒரு மாதிரி, நம்மூரு டிவி வேற மாதிரிங்கய்யா. ரெண்டும் ஒத்துப் போகாது. இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, வேண்டாததை வெட்டி, நம்மூரு கேசட்ல போட்டுத் தாரனுங்க."

"ஏத்திப்போட்டா இதுல இருக்கறது தீந்து போயிருமுங்களே?"

"அது அப்படியே இருக்குமுங்க."

"அதெப்படீங்க? பஞ்சை மெஷினுக்குள்ள உட்டா அந்தப் பக்கம் நூலா வந்துருது. இந்தப் பக்கம் பஞ்சு மிச்சமா இருக்கும்?"

வேலுமணி யோசித்துப் பார்த்துவிட்டு, "இது பஞ்சு இல்லீங்கய்யா" என்றார். வரதராஜுலுவுக்கு அது பதிலாகவே படவில்லை.

கேமரா ஒரு பக்கம் ஓட, கம்ப்யூட்டர் திரையில் படம் எழுந்தது. கலரில்! பேத்தியின் கவுன் மஞ்சள். வரதராஜுலு நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "மௌஸ்ல கை பட்டுராமப் பாத்துக்கங்க, படம் துள்ளிரும்" என்று வேலுமணி தடுத்தார். பாதியில் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுபோக, முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார்கள். ஒரு மணி நேரப் படம் ஏற ஒரு மணி நேரம் ஆகும் என்றார் வேலுமணி. கம்ப்யூட்டர் என்றால் கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும் என்றல்லவா ஊரெல்லாம் சொல்கிறார்கள்!

அதற்குப் பிறகுதான் பெரிய குழப்பம். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வரச்சொல்லி கோமளா சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். படத்திலோ மருமகள் மானசா முழங்கால் தெரிய ஒரு டவுசர் போட்டுக்கொண்டு, நெற்றியில் பொட்டில்லாமல் நடந்துகொண்டிருந்தாள். ஒரு வெள்ளைக்கார அம்மா குழந்தையின் வாயிலேயே முத்தம் கொடுத்தாள். நல்ல நாளும் அதுவுமாக எரிகிற மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்கள். நடுவில் வேறு யாரோ கேமராவை வாங்கிப் பிடிக்க, வம்சி வந்து நின்றான். கையில் நுரை ததும்பும் கிளாஸ். பார்த்ததுமே பீர் என்று தெரிந்தது.

"வெட்டுங்க" என்றார் வரதராஜுலு. "இதையும் வெட்டுங்க. இந்தக் கிளாஸை முதல்ல வெட்டுங்க."

எல்லாம் வெட்டி முடித்து வந்த கேசட்டை அன்று சாயங்காலமே வீட்டு வீடியோ டெக்கில் போட்டார்கள். குழந்தை தவழ்ந்தது, சிரித்தது, பலூனைப் பார்த்து அழுதது. கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த கோமளாவுக்குக் கண் கலங்கியது. சீக்கிரமே படம் முடிந்துபோனது.

"வம்சி எங்கீங்க?"

"ஏன், 'இங்க பாரு கண்ணு, இங்க பாரு'ன்னு கூப்பிடறானே, கேக்கலையா?"

"கொரலு போன்லயுந்தான் கேக்குது."

வரதராஜுலு திகைத்துப்போனார். வேலுமணி கடையில் பார்த்தபோது படம் முழுக்க மகன் இருந்த மாதிரியல்லவா இருந்தது? மறுநாள் காலையில் கேமராவும் கையுமாக உக்கடத்தில் போய் நின்றார்.

"படம் புடிச்சதே அவருதானுங்களே" என்றார் வேலுமணி. "புடிக்கிறவரு எப்படீங்க படத்துல வருவாரு? அவரு வந்தது அந்த ஒரே எடத்துலதான். அதைத்தான் நீங்க முதல்ல வெட்டச் சொன்னீங்க."

வரதராஜுலு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கிளாஸை மட்டும் எடுத்துப்போட்டு ஆளை உட முடியாதுங்களா?"

"கையில இருக்கறதை மட்டும் எப்படீங்க எடுக்கறது? இந்தக் கத்திரி குறுக்கதான் போகும். சுத்திப் போகாதுங்க."

"அப்ப எல்லாத்தையும் திருப்பிப் போட்டுருங்க."

கம்ப்யூட்டரில் இடமில்லாமல் ஏற்றியதை எல்லாம் அழித்தாகிவிட்டது, மறுபடி ஏற்ற வேண்டும் என்றார் வேலுமணி. வரதராஜுலு பதறிக்கொண்டு கேமராவைப் பார்த்தார். ஓடவிட்டபோது ஒரு இழை குறையாமல் அத்தனையும் அதிலிருந்து வந்தது. எப்படி என்று அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைய ஆட்கள். டவுசரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மெழுகுவத்தி அணைந்தபோது குழந்தைகள் கைகூடத் தட்டின. வம்சி திரையில் வந்ததும் வரதராஜுலு தலையைக் குனிந்துகொண்டார்.

"பையன் எளச்சுட்டானே கோமளா" என்றாள் அவளுடைய அக்கா.

அக்கா வீட்டுக்காரர் நரசிம்மலு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அதென்ன அவன் கையில?"

"ஆப்பிள் ஜூசுங்க மாமா" என்றாள் கோமளா, பட்டென்று. "ஒடம்புக்கு நல்லதுன்னு அங்க எல்லாரும் அதைத்தான் குடிப்பாங்களாமா."

நரசிம்மலு தலையாட்டினார். அடுத்து பலூன் வந்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு கோமளா கேசட்டைப் பின்னால் ஓட்டி, மகன் நின்ற இடத்தைத் திரும்பப் போட்டாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரதராஜுலு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பழக்கமில்லாத மெல்லிய குரலில் கேட்டார்.

"நெசமாலுமே அது ஜூஸுன்னா நெனைக்கற?"

அவள் திரும்பவில்லை.

"ஏனுங்க, இப்படி நொரை வர்ற ஜூஸு நம்ம கோயமுத்தூர்ல கெடைக்காதுங்களா?"

விவரம் தெரியாமல் கேட்கிறாளா, தன்னைச் சீண்டுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. தெரியாது என்று சொல்லிவைத்தார்.